திரும்பி வராத மிஸ்டு கால்

அலாரம் அடிக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் அதற்கு முன்பே விழித்துக்கொள்கிறவள் நான். விழித்த பிறகும் அது ஒழுங்காக அடிக்கிறதா என்று பார்ப்பதற்காகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். "அலாரத்த எழுப்பறதுக்கு தனியா ஒரு ஆள வெச்சிக்கினு இருக்கற ஊடு இந்தத் திண்டிவனத்துலயே நம்ம ஊடு ஒண்ணுதான்" என்பார் என் கணவர், போர்வைக்குள்ளிருந்து. சிரிப்பதா கோபித்துக்கொள்வதா என்று நான் முடிவுசெய்வதற்குள் மறுபடி தூங்கிவிடுவார். அவருக்கு எதற்கும் பயம் கிடையாது. அதையும் நினைத்து நான் பயந்திருக்கிறேன்.

இந்தக் குணத்தால் எனக்குக் கிடைத்த ஒரே நல்லது, இப்போது பார்க்கும் வேலை.

அதற்கு முன் ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கே பல் கூசும். உள்ளேயிருந்து மிஷின் சத்தம் வரும்போது, வெளியே காத்திருப்பவர்களைவிட நான்தான் அதிகமாக நடுங்குவேன். அதனாலோ என்னவோ, எல்லோரும் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். அப்படி ஒரு நாள் வந்து உட்கார்ந்த ஒரு அம்மா விழுப்புரத்தில் சின்னதாக ஒரு அறக்கட்டளை நடத்துகிறவர். அரசுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் துணையாக இருக்க அவருக்கு ஆள் தேவைப்பட்டது. பாடம் நடத்த அல்ல, அதற்கு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். வராத பிள்ளை ஏன் வரவில்லை, வந்த பிள்ளை ஏன் வாயே திறக்கவில்லை என்று பார்ப்பதற்கு. கற்றல் துணை என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

"எதுவரைக்கும் படிச்சீங்க?" என்று கேட்டார்.

"எட்டாவது. அதுலயும் பாதிதான்."

"ஏன் நின்னீங்க?"

"பயம்ங்க."

"எதுக்கு பயம்?"

யோசித்துப் பார்த்தேன். "எல்லாத்துக்குமேங்க" என்றேன்.

பல்வலியோடு அவர் சிரித்தார். "நின்னவங்களுக்குத்தான் நிக்கப்போறவங்களத் தெரியும். திங்கக்கிழம வாங்க" என்றார். திங்கட்கிழமை வருவதற்குள் நான் பட்ட பாடு தனி.

வேலை விழுப்புரத்துக்கு மேற்கே ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில். தினமும் திண்டிவனத்திலிருந்து பஸ். டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து, அவர் கண் அசருகிறாரா என்று கண்ணாடியில் பார்த்தபடியே போவேன். விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டினால்தான் எனக்கு மூச்சு வரும். பள்ளியில் ஆறேழு பிள்ளைகளை என்னிடம் விட்டார்கள். எல்லாம் 'இது தேறுமா' என்று ஆசிரியர்கள் உதட்டைப் பிதுக்கிய பிள்ளைகள்.

அங்கே ஏற்கெனவே ஒரு வழக்கம் இருந்தது. பொதுத்தேர்வு நெருங்கும்போது ஆசிரியர்கள் விடியற்காலையில் பிள்ளைகளின் வீட்டுக்கு மிஸ்டு கால் கொடுப்பார்கள். பிள்ளை எழுந்து, திருப்பி ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். கொடுத்தால் எழுந்துவிட்டது, புத்தகத்தை எடுத்துவிட்டது என்று அர்த்தம். யாரும் போனை எடுத்துப் பேசக் கூடாது. பேச ஆரம்பித்தால் நேரம் போய்விடும். பொங்கல் முடிந்ததும், என் பிள்ளைகளை எழுப்பும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஆசிரியர்கள் கும்பிடாத குறை. எனக்கோ அந்த நேரத்தில் எழுந்து உட்கார்ந்திருக்க முதல் முறையாக ஒரு நியாயமான காரணம் கிடைத்தது.

பையன்கள் சும்மா எழுந்துவிடுவார்களா? நாலு தடவை அடிக்க வேண்டும். ஒருவன் திருப்பி மிஸ்டு கால் கொடுத்துவிட்டு அப்படியே தூங்கிவிடுவான் என்று அவன் அக்காவே காட்டிக்கொடுத்தாள். ஆனால் கெடார் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் அப்படியில்லை. என் மணி அடங்கியதுமே அவளுடையது வந்து நிற்கும். ஒரு நாளும் தவறியதில்லை. மனதுக்குள் அவளை வைத்தே மற்ற பிள்ளைகளை அளந்துகொண்டிருந்தேன்.

அதே பெண்தான் முதல் பீரியடில் தூங்கினாள். திருப்புதல் தேர்வில் சமூக அறிவியலிலும் அறிவியலிலும் ஃபெயில். அவள் நெற்றியில், புருவத்துக்கு மேலே, குறுக்காக ஒரு தடம் எப்போதும் இருக்கும். பெஞ்சு விளிம்பில் தலையை வைத்துத் தூங்குவதால் வந்த தடம் என்று வகுப்பு ஆசிரியை சொன்னார். "காலங்காத்தால எழுந்து படிக்கறா. ஆனா ஏறலையேம்மா. சில பிள்ளைங்க அப்படித்தான்." அவர் சொன்னதில் குத்தல் ஒன்றும் இல்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார். நானும் அதை நம்பினேன்.

ஒரு நாள் அவள் கை தவறி என் அழைப்பை எடுத்துவிட்டாள். எடுத்தது அவளுக்கே தெரியவில்லை. படிக்கிற வீட்டின் அமைதி அந்தப் பக்கம் இல்லை. பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது. நாலைந்து பெண்கள் சிரித்தார்கள். "ஏய், உன் சால உட்டுட்டு என் சால்ல கைய வெக்காத, சொல்லிட்டேன்" என்று ஒரு கனத்த குரல் அதட்டியது. பிறகு இலைகளில் ஏதோ உரசும் சத்தம். நான் போனைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அன்று நான் கற்பனை செய்தவற்றை எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடித்து விழுப்புரம் வந்து, அங்கிருந்து கெடார் பஸ் ஏறினேன். பஸ் மாறி ஏறிவிட்டோமோ, ஊர் நாய்கள் எப்படியோ, அவள் அம்மா என்ன கேட்பாளோ என்ற பயமெல்லாம் கூடவே வந்தது. நிறுத்தத்தில் இறங்கி விசாரித்தபோது, சைக்கிளில் போன ஒருவர், "அவங்களா? சம்பங்கித் தோட்டத்துல இருப்பாங்க, போங்க" என்று கையைக் காட்டினார்.

விடிந்து வெயில் லேசாக ஏறியிருந்தது. வரிசை வரிசையாகச் சம்பங்கி. வரிசைகளுக்கு நடுவே பெண்கள், இடுப்பில் மடி கட்டி, குனிந்து பூப் பறித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோர் நெற்றியிலும் ரப்பர் பட்டை போட்ட லைட். விடிந்ததும் மற்றவர்கள் அணைத்துவிட்டிருந்தார்கள். ஒரே ஒரு லைட் மட்டும் வெயிலில் வீணாக எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்கக்கூட நேரமில்லாமல் என் மாணவி பறித்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தடம் பெஞ்சினால் வந்ததில்லை.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் கறுத்துவிட்டது. "இங்க எதுக்குக்கா வந்தீங்க?"

"சும்மா... உன்னப் பாக்கலாம்னு."

"நான் எழுந்துக்கறேனா இல்லையா? மிஸ்டு கால் குடுக்கறேனா இல்லையா? அதானே உங்க வேல?"

வரப்பில் உட்கார்ந்து இடது கையால் பை கட்டிக்கொண்டிருந்த அவள் அம்மாதான் எழுந்து வந்தாள். வலது கை மணிக்கட்டு வீங்கி, விரல்கள் விறைத்திருந்தன. "மார்கழியில வழுக்கி உழுந்துட்டேம்மா. முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரியில பிளேட்டு வெச்சாங்க. இன்னும் மடக்க வரல. வெயில் காலம் போவட்டும், சரியாயிடும்னாங்க."

"அதுவரைக்கும் வேற யாராவது..."

"வேற யாராவது வந்தா சால் அவங்களுக்குப் போயிடும்மா."

அப்போதுதான் அந்த வழக்கம் எனக்குத் தெரிந்தது. தோட்டத்தில் ஒவ்வொருத்திக்கும் அவளுக்கென்று சில வரிசைகள் உண்டு. அதைச் சால் என்கிறார்கள். தினம் வந்து பறிக்கிறவளுக்குத்தான் சால். பூ ஒரு நாள் தங்காது, முற்றிப் போகும். அதனால் வராதவளின் சாலைத் தோட்டக்காரர் அடுத்தவளிடம் கொடுத்துவிடுவார். அவரையும் குறை சொல்ல முடியாது, பூ யாருக்காகவும் காத்திருக்காது. அம்மாவின் கை தேறும்வரை சாலைக் காப்பாற்றி வைத்திருப்பது மகள்தான். நான் அவளை எழுப்புவதாக நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அவள் ஒரு சால் முடித்து அடுத்த சாலுக்கு வந்திருப்பாள்.

"ஸ்கூல்ல சொல்லிடுவியாம்மா?" என்று அம்மா மெதுவாகக் கேட்டாள்.

பக்கத்துச் சாலிலிருந்து அந்தக் கனத்த குரல் வந்தது. "சொல்லட்டுமே! போலீஸ் இட்டாரட்டுமே! அப்பயாவது அந்தச் சால் என் மருமவளுக்கு வருதா பாப்போம்." எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். ஆனால் அவள் கண் என் மேலேயே இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன். அறக்கட்டளையில் ஒரு விதி உண்டு. பிள்ளை வேலைக்குப் போகிறது என்று தெரிந்தால் மேலே சொல்ல வேண்டும். மறுநாள் அறக்கட்டளை அம்மாவிடம் போய், மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் எழுந்து அறைக்கதவைச் சாத்தினார். "ஸ்கூல்ல சொன்னா, அவங்க அம்மாவக் கூப்பிட்டுப் பேசுவாங்க. பேசினா என்ன ஆவும்?"

"நின்னுடுவா" என்றேன்.

"எப்படி அவ்ளோ தீர்மானமா சொல்ற?"

எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பில் தினமும் காலையில் எனக்கு வயிற்று வலி வரும். ஆசிரியர் கேள்வி கேட்கும் வரிசை என் பெஞ்சை நோக்கி வருவதை நினைத்தாலே வரும். வீட்டில் கஷாயம் கொடுத்தார்கள், வயிற்றில் எண்ணெய் தடவினார்கள். எதற்கு வலிக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. என் வகுப்பு ஆசிரியர் நல்லவர். நல்ல எண்ணத்தில்தான் என் அப்பாவை வரச் சொன்னார். வெள்ளையடிக்கிற வேலையிலிருந்து அப்பா அப்படியே வந்து, சுண்ணாம்புக் காலோடு வகுப்பு வாசலில் நின்றார். "உங்க பொண்ணுக்கு வீட்ல ஏதாவது பிரச்சனையா?" என்று ஆசிரியர் கேட்டார். வகுப்பு முழுவதும் முதலில் அப்பாவின் காலைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. "ஒண்ணும் இல்லீங்க சார்" என்று அப்பா தலையைச் சொறிந்தார். அவ்வளவுதான் நடந்தது. அடுத்த நாளிலிருந்து நான் போகவில்லை. யாரும் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை, விரட்டவில்லை. எல்லோருக்கும் என்மேல் அக்கறை இருந்தது. ஆனால் அது வாசலில் நின்று, எல்லோருக்கும் கேட்கிறமாதிரி பேசியது.

நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அறக்கட்டளை அம்மா சொன்னார்: "சரி. பரீட்சை முடியறவரைக்கும் இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். ஆனா அவ பரீட்சை எழுதணும். அது உன் பொறுப்பு." அதன் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் முதலில் செய்தது, அவளுக்கு மிஸ்டு கால் கொடுப்பதை நிறுத்தியது. எனக்கு முன்பே எழுந்து வேலை செய்துகொண்டிருப்பவளை நான் எங்கே எழுப்புவது? கூச்சமாக இருந்தது. மறுநாள் பையன்களுக்கெல்லாம் கொடுத்து முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவளிடமிருந்து ஒரு மிஸ்டு கால் வந்தது. சிறிது நேரத்தில் இன்னொன்று. பயந்துபோய்க் கூப்பிட்டேன்.

"ஏன்க்கா குடுக்கல?"

"நீதான் எனக்கு முன்னாடியே எழுந்துக்கறியேம்மா."

"அதுக்கு? குடுக்கணுமில்ல? நீங்க குடுக்கும்போதுதான் நானும் டென்த்து படிக்கறேன்னு எனக்கே ஞாபகம் வருது."

இலைகள் உரசும் சத்தம் மட்டும் வந்தது. அவள் பறிப்பதை நிறுத்தவில்லை. பிறகு அவளே சொன்னாள்: "கைதான்க்கா வேலையா இருக்குது. காது சும்மாதான் இருக்குது."

அப்படித்தான் அது தொடங்கியது. பள்ளியிலிருந்து ஒரு பழைய சமூக அறிவியல் புத்தகமும் அறிவியல் புத்தகமும் வாங்கிவந்தேன். விடியற்காலையில் பையன்களை எழுப்பி முடித்ததும், அவளைக் கூப்பிட்டுச் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டு, துணிப்பையில் வைத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வாள். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவள் பத்தாம் வகுப்புப் புத்தகத்தைப் படிக்க என்னென்ன பாடுபட்டேன்! ஐரோப்பிய மன்னர்களின் பெயர்களில் நாக்கு சிக்கிக்கொள்ளும். தப்பாகப் படித்துவிட்டால் அதையே அவள் தேர்வில் எழுதிவிடுவாளோ என்று, முந்தின நாளே வரலாற்று ஆசிரியரிடம் கேட்டு, பேருக்குப் பேர் சரிபார்த்து வைத்துக்கொள்வேன். ஒரு பத்தி படித்துவிட்டு, "எங்க, சொல்லு பாப்போம்" என்பேன். அவள் பறித்தபடியே சொல்வாள். தப்பாகச் சொன்னால் மறுபடி படிப்பேன். கணக்கு மட்டும் இந்த வழிக்கு வரவில்லை. அதை அவள் மத்தியான இடைவேளையில் பிடிவாதமாகப் போட்டுப் பார்த்துக்கொண்டாள்.

தோட்டத்தில் மற்றவர்களும் கேட்கிறார்கள் என்பது எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. முதல் உலகப் போரைப் படித்துக்கொண்டிருந்தேன்.

"எவனோ எவனையோ சுட்டான்னா அதுக்கு ஏன்மே ஊரெல்லாம் அடிச்சிக்கிது?" என்றது அந்தக் கனத்த குரல்.

நான் புத்தகத்தை மூடிவிட்டேன். வகுப்பறையில் எழுந்து நிற்பதுபோல் இருந்தது.

"ஏன் நின்னுடுச்சி? பேலன்ஸ் தீந்துட்ச்சா?"

"நீ கத்தனதுல அக்கா பயந்துக்கிச்சி" என்றாள் என் மாணவி.

"அடிப்பாவி, டீச்சருக்கே பயமா? நான் இன்னா கடிச்சிடவா போறேன்? படிக்கச் சொல்லு, ஜல்தி. விடிஞ்சிடப் போவுது."

படித்தேன். அதன் பிறகு அந்தக் குரல்தான் தினமும் எனக்கு ஆஜர் சொன்னது. "நேத்து எங்க உட்ட? அந்தச் சண்ட முடிஞ்சிச்சா இல்லயா?" போர் முடிந்த அன்று, "எவ்ளோ சனம் செத்துச்சோ, பாவம்" என்று உண்மையாகவே பெருமூச்சு விட்டது. அறிவியலில் அட்டையையும் முயலையும் பற்றி ஒரு பாடம் உண்டு. அட்டையின் உடம்பை நான் கண்டம் கண்டமாகப் படிக்க, அங்கே ஒரே சிரிப்பு. "இத்தப் படிச்சிட்டுப் போயி கலெக்டர் ஆவப்போறியாடி?" "ஆவறேன், உனக்கு இன்னா? ஆயி உன் மருமவளுக்கும் ஒரு சால் வாங்கித் தரேன்!" என்று அவள் திருப்பிக் கொடுப்பாள். சிரிப்புக்கு நடுவில் நான் வரிகளைத் தவறவிடுவேன்.

ஆனாலும் உள்ளே ஒரு கவலை குடைந்துகொண்டே இருந்தது. வெயில் ஏற ஏறச் சம்பங்கி கூடும். பனிக்காலத்தில் சீக்கிரம் முடிந்த பறிப்பு, பங்குனியில் வெயில் சுடும்வரை இழுத்தது. தேர்வு வருவதும் அதே நேரத்தில். தேர்வு மையமோ விழுப்புரத்தில். பறித்து முடித்துவிட்டு ஓடினால் பஸ் கிடைக்காது. பஸ்ஸைப் பிடிக்கப் போனால் சால் பாதியில் நிற்கும். அம்மா, "கொஞ்சம் பறிச்சிட்டுப் போவட்டும்மா, மீதிய நான் இடது கையால பாத்துக்கறேன்" என்றாள். இடது கையால் அவளால் பை கட்டத்தான் முடியும் என்று எங்கள் மூன்று பேருக்குமே தெரியும். பக்கத்துச் சால்காரி மருமகளுக்காகக் காத்திருக்கிறாள் என்பதும் தெரியும். தோட்டத்து ஆட்களிடம் உதவி கேட்கலாமா என்று பலமுறை நினைத்தேன். கேட்டு, அவர்கள் முடியாது என்று சொல்லிவிட்டால்? கேட்கவில்லை.

முதல் தேர்வு தமிழ். அன்று அலாரத்துக்கு வெகு நேரம் முன்பே எழுந்துவிட்டேன். பையன்கள்கூட ஒரே மணியில் எழுந்துகொண்டார்கள். அவளுக்குக் கொடுத்தேன். திரும்பி வரவில்லை.

மறுபடி கொடுத்தேன். வரவில்லை.

இத்தனை நாளில் ஒரு தடவைகூடத் தவறாதவள். பாம்பு கடித்திருக்குமோ, அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ, எழுதப் போவதில்லை என்று முடிவுசெய்து போனைத் தூக்கிப் போட்டுவிட்டாளோ. மூன்றாவது தடவை, எடுக்கிறவரைக்கும் விடுவதில்லை என்று அடிக்கவிட்டேன். எடுத்தார்கள். பம்புசெட் சத்தம். இலைகள் உரசும் சத்தம். பரீட்சையன்றைக்கும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்களே!

"யாரு, டீச்சரா?" அந்தக் கனத்த குரல்.

"அவகிட்ட குடுங்க" என்றேன்.

"அது எங்க இங்க கீது? ஊட்ல தூங்குது."

"தூங்குதா? ஐயோ, எழுப்புங்க! இன்னிக்குப் பரீட்சை!"

"தெரியும்மா. அதுக்குத்தான் தூங்குது. அவங்கம்மா போன இங்க எடுத்தாந்துட்டா, நீ அடிச்சி எழுப்பிடப் போறியேன்னு. வெளுத்ததும் போயி எழுப்புவா. நீ பேஜாரு பண்ணாத."

"சால்?"

"சால் எங்க போவுது? இந்தப் பக்கம் பாதி நான், அந்தப் பக்கம் பாதி மத்ததுங்க. பை அவங்கம்மா பேருக்குத்தான் எடைக்குப் போவும்."

"தோட்டக்காரர் ஒண்ணும் சொல்லலியா?"

"இன்னா சொல்லுவாரு? பூ பறிச்சாச்சா, ஆச்சி. பரீட்சை முடியறவரைக்கும் இதான்." இலைகள் உரசின. "என் மருமவளுக்கு சால் வேணும்தான். இல்லன்னு சொல்லல. அதுக்குன்னு இப்பயா?"

நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"சரி, போன் பண்ணது பண்ணிட்ட. அந்த அட்டப் பாடம் பாதில நின்னுச்சே, அத்தப் படி. சும்மா பறிக்கறதுக்கு ஒரு மாதிரியா கீது."

"இன்னிக்குத் தமிழ்ப் பரீட்சைங்க" என்றேன்.

"பரீட்சை அவளுக்குத்தானே? எங்களுக்கா?"

அறிவியல் புத்தகத்தை எடுத்து, அட்டைக்கு எத்தனை கண்கள் என்பதிலிருந்து படித்தேன். கணவர் போர்வையை விலக்கி, "யாருக்குப் படிக்கற?" என்றார். கையமர்த்தினேன். வெளியே பால் வண்டிச் சத்தம் வரும்வரை படித்தேன். அன்று மட்டும் நாக்கு ஒரு இடத்திலும் சிக்கவில்லை.

தேர்வு மையத்தின் வாசலில், எல்லோருக்கும் முன்பே போய் நின்றேன். அவள் அம்மாவோடு நடந்து வந்தாள். தலை வாரி, இரட்டைப் பின்னல் போட்டு, ரிப்பன் கட்டியிருந்தாள். முகம் நன்றாகத் தூங்கிய முகமாக, லேசாக உப்பியிருந்தது. நெற்றியில் குங்குமம் மட்டும் இருந்தது. அந்தத் தடம் இல்லை. அது இல்லாமல் நான் அவளைப் பார்த்தது அன்றுதான்.

"அக்கா, போன் பண்ணீங்களாமே? எனக்குத் தெரியவே தெரியாது. செமயா தூங்கிட்டேன்" என்றாள், கொஞ்சம் வெட்கத்தோடு.

"தூங்குனா பரவால்ல. உள்ள தூங்கிடாத" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். எல்லாத் தேர்வையும் எழுதினாள். கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறினாள், சமூக அறிவியலில் வகுப்பு ஆசிரியையே இரண்டு தடவை பார்க்கிற அளவுக்கு வாங்கினாள். ஆனால் அதெல்லாம் பிறகு. அன்று வாசலில் நின்ற நேரத்தில் எனக்கு எதுவும் தெரியாது. முதல் மணி அடித்ததும், பேனா மை தீர்ந்துவிட்டால் என்ன செய்வாள் என்று யோசிக்க ஆரம்பித்தேன். பக்கத்தில் அவள் அம்மா, மடங்காத விரல்களை மற்ற கையால் நீவிக்கொண்டே, "இந்நேரம் பூவெல்லாம் எடை போட்டிருப்பாங்க" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் வெயிலில் நின்று அவரவர் கவலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.